கொண்டை ஊசி வளைவிலிருந்து சேகோ ஆலை வரை: திட்டம் எழுதிய அனுபவம்

ராணுவத்திலிருந்து வெளியே வந்த நான்காவது மாதம், கோவையில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலில் உட்கார்ந்திருந்தேன். "கடைசியாக நீங்கள் எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள். அது தவறு என்று வாதாட ஒருவர் வந்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டார்கள். நான் 120 பேருக்குத் தலைமை தாங்கியதைச் சொன்னேன். ஒழுக்கம், நேரந்தவறாமை என்று அடுக்கினேன். தலையாட்டினார்கள், தேநீர் கொடுத்தார்கள், அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. திரும்பி வரும் பஸ் சங்ககிரியைத் தாண்டும்போதுதான் உறைத்தது. அவர்கள் கேட்ட கேள்விக்கான பதிலை வாரம் ஒரு முறையாவது எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் நான்.

நான் இருப்பது சேலத்தில். அம்மாபேட்டையிலிருந்தும் கொண்டலாம்பட்டியிலிருந்தும் கல்லூரிப் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். ராணுவ அதிகாரித் தேர்வை எப்படி எழுதுவது என்பது அவர்கள் கேள்வி. கூட வரும் அப்பாக்களின் கேள்வி வேறு: "பத்து வருடம் கழித்து அனுப்பிவிட்டால் பையன் என்ன செய்வான், சார்?" இரண்டுக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான். சொல்லி முடிக்கத்தான் கொஞ்சம் நேரமாகிறது.

எழுத்துத் தேர்வில் பெரிய மர்மம் கிடையாது. மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சிடிஎஸ் (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணி) தேர்வு அது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாதமிக்கு என்றால் ஆங்கிலம், பொது அறிவு என்று இரண்டு தாள்கள்தான். கணக்குத் தாள் இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும், ஆகவே தெரியாததைத் தொடாமல் விட வேண்டும். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பார்த்தால் போதும். இதற்காக ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டிப் பயிற்சி மையத்துக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆளைச் சலிப்பது அடுத்து வரும் ஐந்து நாள் எஸ்எஸ்பி தேர்வு, அதாவது படைப்பணித் தேர்வு வாரியம் நேரில் வைத்துப் பார்க்கும் தேர்வு. முதல் முறை பெங்களூரில் கடைசி நாள் வரை இருந்துவிட்டு, பெயர் வராமல் ரயில் ஏறினேன். நான் சறுக்கிய இடம் குழுத் திட்டமிடல் தேர்வு என்றே இன்றும் நினைக்கிறேன். தரையில் ஒரு நிலப்பரப்பின் மாதிரி இருக்கும். ஆறு, பாலம், ஊர், மருத்துவமனை எல்லாம் அதில் இருக்கும். அதற்குள் நான்கைந்து சிக்கல்களை ஒரே நேரத்தில் வைப்பார்கள். ஒருவர் காயம்பட்டுக் கிடப்பார், தண்டவாளத்தில் ஏதோ கோளாறு, எங்கோ தீ. பத்து நிமிடத்தில் உங்கள் தீர்வை எழுத வேண்டும். பிறகு குழுவாகப் பேசி ஒரே திட்டத்துக்கு வர வேண்டும். என் தாளில் எல்லோரையும் காப்பாற்றியிருந்தேன். யார், எதில், எத்தனை நிமிடத்தில் போய்ச் சேருவார் என்று ஒரு வரி கூட இல்லை.

இரண்டாம் முறைக்கு ஏற்காடு மலைப்பாதையில் பயிற்சி எடுத்தேன். ஞாயிறு காலை பஸ் பிடித்து அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடிகாரத்தோடு எண்ணிக்கொண்டே மேலே போவேன். திரும்பி வந்து நண்பர்களோடு மண்ணில் கோடு போட்டுக்கொள்வோம். பதினோராவது வளைவில் வேன் கவிழ்ந்திருக்கிறது, ஏழாவதில் மரம் விழுந்திருக்கிறது, கோடை விழாக் கூட்டம் மேலே சிக்கியிருக்கிறது. காயம்பட்டவரை மேலே ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதா, கீழே சேலத்துக்கா? கீழே வர மரம் தடுக்கிறது. குப்பனூர் வழியாகச் சுற்றினால் எவ்வளவு நேரம்? முதலில் ஆள் அனுப்ப வேண்டியது வேனுக்கா, மரத்துக்கா? உயிர் முதலில் என்று எல்லோரும் வேனுக்கு ஓடுவார்கள். மரத்தை அறுக்காமல் வேனிலிருந்து எடுத்த ஆளை எங்கே கொண்டுபோவது? இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு நாங்கள் போட்ட சண்டைகளுக்குக் கணக்கில்லை. அந்தச் சண்டைகளால்தான் தேறினேன்.

பரங்கிமலையிலும் பிறகு படைப்பிரிவிலும் இதையே பெரிய அளவில் சொல்லிக்கொடுத்தார்கள். 'அப்ரிசியேஷன்' என்பார்கள், நிலைமையை எடைபோட்டு முடிவுக்கு வரும் முறை. நோக்கம் என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். பிறகு நிலம், இரு தரப்பு பலம், காலமும் தூரமும், வழங்கல் என்று காரணிகள். ஒவ்வொரு காரணியின் கீழும் 'ஆகவே என்ன?' என்று ஒரு முடிவு வர வேண்டும். 'ஆற்றில் வெள்ளம்' என்று மட்டும் எழுதினால் மேலதிகாரி சிவப்பு மையில் சுழித்துவிடுவார். 'ஆற்றில் வெள்ளம், ஆகவே கனரக வாகனங்கள் வடக்குப் பாலத்தில்தான் போக முடியும்' என்றால் விட்டுவிடுவார். அதன்பிறகு நமக்கு இருக்கும் வழிகள், எதிரிக்கு இருக்கும் வழிகள், நாம் எடுக்கும் வழி, திட்டம். பிரிகேடு (பல படைப்பிரிவுகள் சேர்ந்த அணி) தலைமையகத்தில், தளபதிக்குத் திட்டம் தயாரித்துக் கொடுக்கும் ஸ்டாஃப் அதிகாரியாக இருந்த காலத்தில் இரவெல்லாம் இதுதான் வேலை. துப்பாக்கியைத் தொட்டதைவிடப் பென்சிலைத் தொட்டதே அதிகம். (வீட்டில் இதை நம்ப மாட்டார்கள்.)

இப்படித் திட்டமிடுவதற்கென்றே அமெரிக்கத் தரைப்படையில் வியூக அதிகாரி என்று தனிப் பணிப்பிரிவு உண்டு. அதன் எண் 59. அதற்கான அடிப்படைப் படிப்பு பென்சில்வேனியா மாநிலம் கார்லைலில் உள்ள போர்க் கல்லூரியில் நடக்கிறது. அங்கே ஆசிரியராக இருந்த ஆர்தர் லைக்கி 1989ல் எழுதிய கட்டுரையில் வியூகத்தை முக்காலியாகச் சொன்னார். நோக்கம், வழி, வளம் ஆகியவை மூன்று கால்கள். ஒரு கால் குட்டையானால் முக்காலி சாயும், அந்தச் சாய்வுதான் ஆபத்து. நம் ராணுவத்தில் அப்படித் தனிப் பிரிவு கிடையாது. எல்லா அதிகாரியும் ஒரு படைப்பிரிவில்தான் தொடங்குகிறார். திட்டமிடலில் மேலே போகிறவர்கள் நுழைவுத் தேர்வு எழுதி, குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள வெலிங்டன் ஸ்டாஃப் கல்லூரிக்குப் போகிறார்கள். படித்து முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டமும் கிடைக்கிறது. குறுகிய காலப் பணியில் இருந்த நான் அங்கே போகவில்லை. என் சீனியர் அந்தத் தேர்வுக்குப் படித்தபோது அவரிடம் கேள்வி கேட்கும் வேலை எனக்கு வாய்த்தது. போர் வரலாற்றில் கதை சொன்னால் மதிப்பெண் வராது, அந்தத் தளபதி ஏன் அன்று அப்படி முடிவெடுத்தார் என்று எழுத வேண்டும் என்பதை அவரைப் பார்த்துத்தான் கற்றேன்.

இனி அப்பாக்களின் கேள்வி. கோவையில் தோற்ற பிறகு சேலத்திலேயே ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். குச்சிக்கிழங்கு பிடுங்கி இரண்டு நாள் தாண்டினால் கெட ஆரம்பித்துவிடும். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து இருக்கிறது என்று காட்டும் புள்ளியை வைத்துத்தான் விலை. ஆலை வாசலில் லாரிகள் இரவு முழுக்க நிற்கும், புள்ளி இறங்கும், விவசாயிக்கும் ஆலைக்கும் காலையில் சண்டை. முதலாளி இன்னோர் அரைவை இயந்திரம் வாங்கும் முடிவில் இருந்தார். "ஒரு வாரம் பொறுங்கள் அண்ணா" என்று கேட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு லாரி வரும் நேரத்தை எழுதினேன்.

நோக்கம்: காலையில் பிடுங்கிய கிழங்கு மறுநாள் காலைக்குள் அரைபட வேண்டும். காரணி: விடியலில் பிடுங்கத் தொடங்குகிறார்கள், மதியம் லோடு ஏறுகிறது, மாலை நான்கு முதல் எட்டுக்குள் எல்லா லாரியும் வந்து விழுகிறது. ஆகவே என்ன? மதியம் வரை இயந்திரம் பாதி நேரம் சும்மா நிற்கிறது. இன்னொன்று வாங்கினால் அதுவும் சேர்ந்து சும்மா நிற்கும். வழி: முந்தைய நாளே தரகர்களுக்கு நேரம் குறித்த டோக்கன். இங்கேதான் ராணுவப் புத்தி உதவியது. எதிர்த்தரப்பாக உட்கார்ந்து யோசித்தேன். நான் தரகராக இருந்தால் என்ன செய்வேன்? டோக்கனை வாங்கிக்கொண்டு, பத்து ரூபாய் கூடக் கிடைக்கும் பக்கத்து ஆலைக்கு லோடைத் திருப்பிவிடுவேன். அதனால் டோக்கனோடு வருபவருக்கு வாசலிலேயே எடை, புள்ளி இரண்டையும் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பது என்று சேர்த்தோம். வரிசை குறைந்தது. மழை நாட்களில் மட்டும் பழையபடி ஆகிவிடுகிறது, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

முதலாளி என் தாளைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இதில் செலவு எங்கே, தம்பி?" நான் எழுதவே இல்லை. பத்து வருடம் எழுதிய காரணிகளில் டீசல் லிட்டரில் இருந்தது, ரூபாயில் இருந்ததே இல்லை. வெளியே வருகிற அதிகாரிகளிடம் நான் பார்க்கும் பெரிய ஓட்டை இதுதான். இன்னொன்று, எதிரி என்ற சொல். சேலத்தின் வியாபாரப் பகுதியான செவ்வாய்ப்பேட்டையில் காலையில் விலையைக் குறைத்து நம்மை அடித்தவர் மாலையில் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருப்பார். உத்தரவு போட்டால் நடக்கும் என்ற பழக்கமும் வாசல் காவலரிடம் கூடச் செல்லாது.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பதவிப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். 'பிரிகேடு ஸ்டாஃப் அதிகாரி' என்றால் சேலத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'சுமார் 3000 பேர் பங்கேற்ற பயிற்சிக்குப் போக்குவரத்து அட்டவணை தயாரித்தேன், பாலம் மூடப்பட்டபோது ஒரே இரவில் மாற்றுப் பாதைக்கு மாற்றினேன்' என்றால் ஆலை மேலாளரும் மருத்துவமனை நிர்வாகியும் தங்கள் வேலையை அதில் பார்ப்பார்கள். இடம், படை, காலம் ஆகியவற்றை வெளியே சொல்லக் கூடாது என்பதை மறக்க வேண்டாம், முறையை மட்டும் காட்டுங்கள். பணியிலிருந்து விலகும் முன்பே, படையை விட்டு வருபவர்களுக்கான மறுவாழ்வு இயக்குநரகம் ஐஐஎம் போன்ற நிறுவனங்கள் வழியாக நடத்தும் 24 வார மேலாண்மைப் படிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். நான் தள்ளிப்போட்டு விட்டுவிட்டேன். அங்கே போயிருந்தால் ரூபாய்க் கணக்கை முதலாளியிடம் திட்டு வாங்காமல் கற்றிருப்பேன். குடிமைப் பணித் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு, ஐந்து ஆண்டாவது பணியாற்றியிருந்தால் வயது வரம்பில் ஐந்து ஆண்டு வரை தளர்வு உண்டு.

போன வாரம் இறுதியாண்டு மாணவர் ஒருவர், ஏற்காடு வளைவுக் கணக்குக்குத் தன் தீர்வை எழுதிக்கொண்டு வந்தார். நல்ல கையெழுத்து. 'உடனடியாக ஆம்புலன்ஸ் வரவழைக்கப்படும்' என்று இருந்தது. எங்கிருந்து வருகிறது, அடிவாரத்திலிருந்தா, மேலேயிருந்தா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.