நான்கு சுரங்களில் பிறந்த பாடல்

பிரித்தானிய ரொக் இசைக்குழுவான பிங்க் ஃபிலாய்ட் 1975இல் வெளியிட்ட ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ என்ற பாடலில் முதற்சொல் ஒலிப்பதற்கே எட்டு நிமிடங்களுக்கு மேல் செல்கின்றது. நல்லூர்த் திருவிழாவில் நாதஸ்வர ஆலாபனையை வீதியில் நின்று ஆறுதலாகக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இந்தக் காத்திருப்பு அந்நியமானதன்று. ரிக் ரைட்டின் சின்தசைசர் மெல்ல விரிக்கும் ஒலிப்பரப்பின் மேல் டேவிட் கில்மோர் கிட்டாரில் மீட்டும் நான்கு சுரங்கள், எங்கும் இளைப்பாறாமல் அந்தரத்தில் நிற்கின்றன. குழுவின் பாடலாசிரியரான ரோஜர் வோட்டர்ஸை இப்பாடலின் பக்கம் திருப்பியவையும் அவையே.

குழுவைத் தொடங்கியவர்களுள் ஒருவரான சிட் பாரெட், உளநலம் குன்றி 1968இல் பிரிந்து சென்றவர். அவரை எண்ணி எழுதிய இப்பாடலின் வேலைகள் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, 1975 யூன் மாதம், அவர் அபே ரோட் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எதிர்பாராமல் வந்தார். உடல் பருத்து, புருவங்களையும் மழித்திருந்த அவரை நண்பர்களால் உடனே அடையாளங்காண முடியவில்லை. இதனை அறிந்த பின்னர் அந்த நான்கு சுரங்களை என்னால் வெறும் இசையாகக் கேட்க இயலவில்லை. உயிரோடிருந்தும் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்ட ஒருவரைக் குற்றஞ்சாட்டாமல், அன்போடு அழைக்கின்ற பாடல்கள் மிகச் சிலவே. போரும் புலம்பெயர்வும் பிரித்த யாழ்ப்பாணத்து நண்பர்கள் பலர் இதனைத் தம்முடையதாகவே கேட்கிறார்கள்.