4294967297-ஐ வகுக்கும் 641

முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி வரும் எண்ணுடன் ஒன்றைக் கூட்டினால் 4294967297 கிடைக்கும். இரண்டின் அடுக்கு 1, 2, 4, 8, 16 என இருமடங்காகிச் செல்லும்போது, இதே முறையில் 3, 5, 17, 257, 65537 ஆகியவை வருகின்றன. ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசை முழுவதுமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா கருதினார். ஆறாவது எண்ணாகிய இதிலேயே அக்கருத்து பிழையானது என்பதை 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் காட்டினார்.

அவர் எங்கே தேடினார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு பகா எண் இதை மீதியின்றி வகுக்குமானால், அந்த வகுஎண்ணைப் பொறுத்து இரண்டின் 32-ஆம் அடுக்கு −1-க்கும் (அதாவது வகுஎண்ணைவிட ஒன்று குறைவான மீதிக்கும்), 64-ஆம் அடுக்கு 1-க்கும் சமமான மீதியைத் தரும். 64-க்கு முன்னால் எந்த அடுக்கிலும் மீதி 1 வராது. ஆகவே அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் எஞ்சுவது 64-இன் மடங்காகவே இருக்க வேண்டும். இதற்கு அடிப்படையான தேற்றம் ஃபெர்மாவே கண்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

64-இன் மடங்குடன் ஒன்று கூட்டி வரும் பகா எண்களை மட்டும் எடுத்தால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே விடை கிடைத்துவிடுகிறது. இரண்டிலிருந்து எல்லாப் பகா எண்களாலும் வரிசையாக வகுத்துக்கொண்டே வந்தால் 641-ஐ எட்டுவது 116-ஆவது முறையில்தான்.

நேற்றிரவு இதைத் தாளில் நீள் வகுத்தலாகப் போட்டுப் பார்த்தேன். முதல் படியில் மீதி 448. அடுத்த இலக்கமான 9-ஐ இறக்கினால் 4489, அதில் ஏழு முறை போக 2 மிஞ்சுகிறது. கடைசிக்கு முந்தைய படியில் அதே 448 மீண்டும் வந்து நிற்கிறது. இம்முறை இறக்க வேண்டிய இலக்கம் 7. 4487 என்பது சரியாக ஏழு 641. மீதி பூச்சியம், ஈவு 6700417. அந்த ஈவும் ஒரு பகா எண்ணே.

வகுக்காமலேயே இதை நிறுவவும் வழி உண்டு. 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16-உம் ஆகும். முதல் வடிவத்தின்படி 5 × 128, 641-ஆல் வகுத்து வரும் மீதியைப் பொறுத்து −1-க்குச் சமம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 625-ஐ இரண்டின் 28-ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை 1-க்குச் சமம். இரண்டாம் வடிவத்தின்படி 625-க்குப் பதிலாக −16-ஐ இடலாம். 16 என்பது இரண்டின் நான்காம் அடுக்கு. எனவே இரண்டின் 32-ஆம் அடுக்கு −1-க்குச் சமமாகிறது. ஒன்றைக் கூட்டினால் பூச்சியம்.

65537-க்குப் பிறகு இவ்வரிசையில் ஒரு பகா எண்கூடக் கண்டறியப்படவில்லை. இரண்டின் 16777216-ஆம் அடுக்குடன் ஒன்று கூட்டிய எண், ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. அது பகு எண் என்பது 1999-இலேயே கணினியால் உறுதிசெய்யப்பட்டுவிட்டது. ஆனால் 641-ஐப் போல் எடுத்துக் காட்ட, அதன் வகுஎண் ஒன்றுகூட இன்னும் யார் கைக்கும் அகப்படவில்லை.