நெட் தேர்வில் அகீதா (நம்பிக்கைக் கொள்கை) பகுதி: "இது யாருடைய பட்டியல்?" என்று கேட்டுப் படியுங்கள்

யுஜிசி நெட் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ், உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. மேல்விஷாரம், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று எல்லா ஊர்த் தங்கச்சிகளும் "அக்கா, அகீதா பகுதியை எப்படிப் படிச்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அதனால் அதை மட்டும் எழுதுகிறேன். அரபுப் பண்பாடு, இஸ்லாமியக் கல்வி தாளில் என்னைக் கரை சேர்த்தது அதுதான்.

நம் வேலூர்ப் பக்கத்தில் மதரஸா போன யாரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இஸ்லாத்தின் கடமை ஐந்து, ஈமானுக்கு (நம்பிக்கைக்கு) ஆறு என்று சொல்லிவிடுவார்கள். வானவர் ஜிப்ரீல் நபியிடம் கேள்வி கேட்கும் ஜிப்ரீல் ஹதீஸில் வரும் வரிசை அது, சுன்னத் ஜமாஅத்தின் (சுன்னிகளின்) அடித்தளம். ஆனால் தேர்வில் அதோடு நிற்க மாட்டார்கள். பட்டியல் கண்ணில் பட்டதும் விடைகளுக்குத் தாவாமல், இது யாருடைய பட்டியல் என்று முதலில் கேளுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பன்னிரு இமாம் ஷியாக்களின் உஸூலுத்தீன் (மார்க்கத்தின் அடிப்படைகள்) ஐந்து: தவ்ஹீத் (ஏகத்துவம்), அத்ல் (இறைநீதி), நுபுவ்வத் (நபித்துவம்), இமாமத் (இமாம்களின் தலைமை), மஆத் (மறுமை). தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் எல்லாம் அவர்களுக்கும் கடமைதான், ஆனால் அவை ஃபுரூஉத்தீன் (மார்க்கத்தின் கிளைகள்) என்ற பத்துக்குள் வரும், கூடவே குமுஸ் (ஐந்தில் ஒரு பங்கு), தவல்லா (நபி குடும்பத்தாரை நேசிப்பது), தபர்ரா (அவர்களின் எதிரிகளிடமிருந்து விலகுவது). இன்னொரு ஷியா பிரிவான இஸ்மாயிலிகளுக்குத் தூண்கள் ஏழு. அவர்களின் சட்ட அறிஞர் காழி நுஃமானின் தஆஇமுல் இஸ்லாம் என்ற நூல் விலாயத்தில் (இமாம்கள் மீதான பற்றில்) தொடங்கும், அப்புறம்தான் தஹாரத் (தூய்மை), தொழுகை. பகுத்தறிவுக்கு முதலிடம் கொடுத்த பழைய பிரிவான முஃதஸிலாக்களுக்கும் கொள்கை ஐந்து, அதிலும் அத்ல் உண்டு. இங்கேதான் குழப்பம் வரும். இமாமத் இருந்தால் ஷியா, மன்ஸிலா பைனல் மன்ஸிலதைன் (இரண்டு நிலைகளுக்கு நடுவே ஒரு நிலை) இருந்தால் முஃதஸிலா, அவ்வளவுதான்.

அதிகம் நேரம் கொடுக்க வேண்டிய இடம், பெரும்பாவம் செய்தவன் முஃமினா (நம்பிக்கையாளனா) என்ற கேள்வி. இது பிடிபட்டால் பாதிப் பகுதி தானாகத் திறந்துகொள்ளும். கவாரிஜ் என்ற ஆரம்பகாலப் பிரிவினர் அவனைக் காஃபிர் (இறைமறுப்பாளன்) என்றார்கள். முர்ஜிஆக்கள் என்ற இன்னொரு பிரிவினர் அவன் முஃமின்தான், தீர்ப்பு அல்லாஹ்விடம் என்று ஒத்திவைத்தார்கள். முஃதஸிலாக்களின் முன்னோடி வாஸில் இப்னு அதா பஸ்ராவில் இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை என்றார். சுன்னிகளின் இரண்டு கொள்கைப் பள்ளிகளான அஷ்அரிகளுக்கும் மாதுரீதிகளுக்கும் அவன் பாவியான முஃமின். அமல் (செயல்) ஈமானில் சேருமா என்பதும் இதிலிருந்து கிளைப்பதுதான். இமாம் அபூஹனீஃபாவிடம் உள்ளத்தால் ஏற்பதும் நாவால் மொழிவதும்தான் ஈமான், அது கூடாது, குறையாது. மாலிக், ஷாஃபிஈ, அஹ்மத் மூவரிடமும் அமலும் சேரும், கூடும், குறையும். நாம் பெரும்பாலும் ஹனஃபி (அபூஹனீஃபாவின் வழி) என்பதால் முதல் கருத்தையே எல்லாருடைய கருத்தாக எழுதிவிட வாய்ப்பு அதிகம். கேரளத்து ஷாஃபிஈ பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக வேலூர் பாக்கியாத் அரபுக் கல்லூரிக்கு வந்து ஓதியிருக்கிறார்கள், இன்னொரு மத்ஹபை (சட்ட வழியை) தெரிந்துகொள்வது நம் ஊருக்குப் புதிதில்லை.

ஷியா கொள்கையைப் படித்தால் ஈமானுக்கு ஆபத்தா என்று ஒரு தங்கச்சி பயந்துபோய்க் கேட்டாள். இல்லைம்மா. இமாம் அஷ்அரியே மகாலாத்துல் இஸ்லாமிய்யீன் என்ற நூலில் ஒவ்வொரு பிரிவும் என்ன சொல்கிறது என்று பொறுமையாகப் பதிவு செய்திருக்கிறார். அடுத்தவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுவது அமானிதம். சில கோச்சிங் நோட்ஸ்களில் ஷியாக்களைப் பற்றி ஒரே வரியில் வசை மாதிரி எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மார்க்குக்கும் உதவாது, மார்க்கத்துக்கும் உதவாது.

மீதி சுருக்கமாக:

- காலவரிசைக்கு இறந்த ஆண்டுகள்: வாஸில் 748, அபூஹனீஃபா 767, ஷாஃபிஈ 820, அஹ்மத் 855, மாதுரீதி 944.
- ஃபிக்ஹில் (மார்க்கச் சட்டத்தில்) நகை ஜகாத்: அணியும் நகைக்கும் உண்டு என்பது ஹனஃபி, அனுமதிக்கப்பட்ட, வழக்கமான அளவுக்கு இல்லை என்பது ஷாஃபிஈ.
- உம்ரா: ஷாஃபிஈயில் கடமை, ஹனஃபியில் சுன்னத்.
- கூற்று–காரணம் வகைக் கேள்வியில் "அனைத்து முஸ்லிம்களும்" என்று வந்தால் இரண்டு தடவை படியுங்கள்.
- நெகட்டிவ் மார்க் கிடையாது, 150 கேள்வியில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.
- முதல் தாளுக்கு என்னிடம் தனி வழி எதுவும் இல்லை, பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பாருங்கள்.