சித்தப்பாவும் ஜப்பான் இங்கிலீஷும்

ரிட்டயர்டு இங்கிலீஷ் வாத்தியாரை டோக்கியோவுக்கு விருந்தாளியாகக் கூப்பிடுவதற்கு முன் யோசித்திருக்கணும். என் விலாசத்தில் 'மேன்ஷன்' என்று பார்த்துவிட்டு, தோட்டம், போர்ட்டிகோ என்று சித்தப்பா கற்பனையோடு வந்து இறங்கியிருக்கிறார். இங்கே கான்கிரீட்டில் கட்டிய அடுக்குமாடி எல்லாமே மேன்ஷன்தான் என்றேன். உள்ளே எட்டிப் பார்த்தவர், "திருவல்லிக்கேணி மேன்ஷனே தேவலைடா" என்றார்.

போனுக்கு சார்ஜ் போட, "கொன்சென்தோ அந்தப் பக்கம் இருக்கு மாமா" என்று என் மனைவி பழக்க தோஷத்தில் சொல்ல, "யாரோட சம்மதம்மா வேணும்?" என்று நிற்கிறார். கான்சென்ட்ரிக் ப்ளக்கின் வாலை நறுக்கிவிட்டு, சுவரில் இருக்கும் ப்ளக் பாயின்ட்டுக்கு இவர்கள் வைத்துக்கொண்ட பேர் அது. ஸ்டேப்ளருக்கு இங்கே ஹொச்சிகிஸு, ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி மெஷினில் தன் பேரைப் பொறித்து அனுப்பியதன் பலன். ஒயிட் ஷர்ட் என்பதுதான் வைஷாத்ஸு, ஆனால் கடையில் கறுப்பு வைஷாத்ஸு தொங்குகிறது. சித்தப்பா அதைத் தடவிப் பார்த்து, "கறுப்பு வெள்ளைச் சட்டை" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை 'பைக்கிங்கு' போகலாம் என்றதும் சைக்கிள் என்று நினைத்து மனுஷன் ஷூ மாட்டிவிட்டார். அது வைக்கிங், அதாவது பஃபே. 1958-ல் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலில் ஸ்காண்டிநேவிய பாணியில் இஷ்டத்துக்கு எடுத்துச் சாப்பிடும் உணவகம் திறந்தார்கள், அசல் பேரோ ஸ்மோர்காஸ்போர்ட், ஜப்பானிய நாக்கு என்ன பாடுபடும்? அந்த நேரத்தில் வைக்கிங் படம் ஒன்று ஓடிக்கொண்டிருக்க, அதையே வைத்துவிட்டார்கள். தட்டில் மூணாவது தடவை நிரப்பிக்கொண்டே சித்தப்பா பாஷைக் கொலையைக் கண்டித்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் பிட் அடிப்பதற்கு இங்கே 'கன்னிங்கு' என்றபோது மட்டும், "அது கரெக்டுதான்" என்று பாஸ் மார்க் போட்டார்.

"நாம மட்டும் என்ன மாமா, ஜின்ரிகிஷாவை ரிக்‌ஷான்னுதானே ஆக்கி வச்சிருக்கோம்?" என்றாள் மனைவி. ஜின் மனுஷன், ரிகி பலம், ஷா வண்டி. இங்கிலீஷ்காரன் தலையை வெட்டிக் கொடுத்ததை வாங்கி, நாம் முன்னால் ஆட்டோவை ஒட்டவைத்தோம். சித்தப்பா அவசரமாகப் புடிங் எடுக்கப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் காய்கறிக் கடைப் பாட்டி ஒரு கமலா ஆரஞ்சை அதிகப்படியாகப் பையில் போட்டு, "சாபிஸு" என்று சிரித்தார். சர்வீஸ்தான், ஆனால் இங்கே அதற்கு நம்மூர்க் கொசுறு என்றும் அர்த்தம். இந்த ஒரு வார்த்தையின் இலக்கணத்தில் மட்டும் சித்தப்பா எந்தக் குறையும் கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் காலையில் தானே பையைத் தூக்கிக்கொண்டு போய், காசு கொடுத்த கையோடு "சாபிஸு?" என்று கேட்டு, ரெண்டு பழம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.