கொன்டெய்னருக்குள் ஆர்டி-டெஸ்ட்ஸ்: நாங்கள் பட்ட பாடு

துணி வெட்டும் இயந்திரம் ஒன்றின் கட்டுப்பாட்டுக் கணினி நேரம் தவறாமல் விழித்தெழுகிறதா என்று அளந்து தரும் பொறுப்பு, வெள்ளவத்தையில் ஒரு மாடி வீட்டின் முன்னறையிலிருந்து இயங்கும் எங்கள் சிறு குழுவிடம் வந்தது. இறுதியில் லினக்ஸ் வகைகளுள் டெபியனைப் போடுவதா ஃபெடோராவைப் போடுவதா என்று வாடிக்கையாளர் முடிவு செய்திருக்கவில்லை. எங்களிடம் இருந்ததோ ஒரேயொரு கணினி. அதில் டெபியன் 12 உம் அதன் நிகழ்நேரக் கேர்னல் (இயங்குதளத்தின் கரு) பொதியும் ஏற்கனவே நிறுவப்பட்டிருந்தன. ஆகவே இத்தகைய தாமதத்தை அளக்கும் நிரல்களைக் கொண்ட ஆர்டி-டெஸ்ட்ஸ் தொகுதியை, டெபியனுக்கு ஒன்றும் ஃபெடோராவுக்கு ஒன்றுமாக இரண்டு டொக்கர் கொன்டெய்னர்களுக்குள் (ஒரே கணினியில் பிரித்து வைக்கும் தனிச் சூழல்கள்) தனித்தனியாகக் கம்பைல் செய்து பார்ப்பதென்று தீர்மானித்தோம்.

கம்பைல் செய்வதில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. அந்த நிரல்களுக்குத் தேவையான நியூமா நூலகத்தின் தலைப்புக் கோப்பு இல்லையென்று இரண்டிலும் ஒரே பிழை வந்தது. டெபியனில் லிப்நியூமா-டெவ், ஃபெடோராவில் நியூமாசிடிஎல்-டெவெல் என்று பொதியின் பெயர் மாறுகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் அந்த வேலை முடிந்தது. அவ்விரு வரிகளையும், கொன்டெய்னரைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய டொக்கர்ஃபைலில் எழுதி வைத்த பின் எத்தனை தடவை அழித்துக் கட்டினாலும் ஒரே விளைவுதான் கிடைத்தது. கொன்டெய்னரின் அருமையை நான் உணர்ந்தது அந்த இடத்தில்தான்.

ஓடவிடப் போனபோதுதான் உண்மையான பாடு தொடங்கியது. தொகுதியில் விழித்தெழும் தாமதத்தை அளக்கும் நிரலான சைக்கிளிக்டெஸ்ட் எழுந்தவுடனேயே, செடியூலிங் (எந்த வேலை முதலில் ஓடும் என்ற) கொள்கையை மாற்ற முடியவில்லை, ஒன்றில் ரூட்டாக (நிர்வாகிப் பயனராக) ஓட்டு, அல்லது ரியல்டைம் குழுவில் சேர் என்று சொல்லி நின்றுவிட்டது. நான் ரூட்டாகத்தான் இருந்தேன். டொக்கர் தன் கொன்டெய்னருக்குள் இருக்கும் ரூட்டிடமிருந்து பல அதிகாரங்களை இயல்பாகவே பிடுங்கிவிடுகிறது என்பதும், அவற்றுள் முன்னுரிமையை உயர்த்தும் சிஸ்_நைஸும் நினைவகத்தைப் பூட்டி வைக்கும் ஐபிசி_லொக்கும் அடங்கும் என்பதும் அரை நாள் தேடிய பிறகே விளங்கின. முழு அதிகாரத்தையும் கொடுக்கும் பிரிவிலேஜ்ட் தெரிவைப் போட்டால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஆனால் எந்த அதிகாரம் எதற்குத் தேவை என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்பதால் அவ்விரண்டையும் மட்டும் சேர்த்தோம்.

அதன்பின் எண்கள் வரத் தொடங்கின. குழுவில் இளையவர் திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நாங்கள் ஃபெடோராவுக்குள்ளதானே நிக்கிறம், ஏன் டெபியன் கேர்னல் எண்டு காட்டுது?" என்று கேட்டார். கொன்டெய்னருக்கென்று தனியாகக் கேர்னல் கிடையாது, அது வெளியே ஓடும் கேர்னலையே பகிர்ந்துகொள்கிறது என்பது எனக்குப் பாடமாகத் தெரிந்த விடயந்தான். இருந்தும், அறிக்கையின் வரைவில் 'ஃபெடோராவில் தாமதம்' என்று ஒரு தலைப்பை நானே எழுதியிருந்தேன். அதை அப்போதே அழித்தேன். நாங்கள் அளந்தது இரண்டு கொன்டெய்னர்களிலும் ஒரே டெபியன் கேர்னலைத்தான்.

ஆனாலும் எண்கள் உறுத்தின. கணினி சும்மா இருக்கும்போது தாமதம் கூடுதலாகவும், ஹக்பெஞ்ச் என்ற நிரலால் சுமை ஏற்றும்போது சராசரி குறைவாகவும் வந்தது. நாங்கள் கவனிக்காமல் விட்ட ஓர் எச்சரிக்கை வரியில் காரணம் இருந்தது. சைக்கிளிக்டெஸ்ட் வழமையாக சிபியு_டிஎம்ஏ_லேட்டன்சி என்ற சாதனக் கோப்பைத் திறந்து அதில் பூச்சியத்தை எழுதி, செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகாதபடி தடுத்து வைத்திருக்கும். கொன்டெய்னருக்குள் அந்தக் கோப்பு இல்லாததால் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு அது தன்பாட்டில் அளந்துகொண்டே போயிருக்கிறது. நிறுத்திப் பிழை சொல்லியிருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும் என்பது என் மனத்தாங்கல். டிவைஸ் தெரிவின் மூலம் அந்தக் கோப்பை உள்ளே கொடுத்ததும் சும்மா இருக்கும்போது வந்த தாமதம் சட்டென்று இறங்கியது.

கேர்னலோடு வரும் ஆர்டிஎல்ஏ என்ற இன்னொரு அளவீட்டுக் கருவியையும் ஒரு நாள் முயன்றோம். அதற்கு, கேர்னலின் தடப்பதிவுகளைத் தரும் ட்ரேஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையையும் உள்ளே கொண்டுவர வேண்டியிருந்ததால் அதைக் கொன்டெய்னருக்கு வெளியிலேயே ஓட்டிவிட்டோம்.

கடைசியில் கொடுத்த ஒவ்வொரு பெறுபேற்றுக் கோப்பின் தலையிலும் கேர்னலின் பதிப்பு, கொடுத்த அதிகாரங்கள், அந்தச் சாதனக் கோப்பில் பூச்சியம் எழுதப்பட்டதா என்ற மூன்றும் இருந்தன. ஃபெடோராவுக்கான அளவீட்டை, இன்னொரு வன்தட்டில் ஃபெடோராவையே நிறுவி, நிகழ்நேரக் கேர்னலையும் நாங்களே கட்டி, மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.