பெறுநர் என்று ஒருவர் இருக்கிறார்

நாமக்கல் மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்களிடம் வருபவர்களில் பலர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேர்க்கைக்கு வந்து நிற்பவர்கள். 2021இல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தபின் அத்தகையோர் என் வகுப்பில் இன்னும் கூடினார்கள். அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டம், மின்னஞ்சலையும் பத்தி எழுதுவதையும் முதல் பருவத்திலேயே வைத்தது.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. விடுப்பு விண்ணப்பத்தைச் சொல்லச் சொன்னால், "அஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று வகுப்பே ஒரே குரலில் ஒப்பிக்கும். அக்காவின் திருமணத்துக்காக விடுப்பு எடுப்பவரும் காய்ச்சல் என்றே எழுதுவார், ஏனெனில் மனப்பாடமாகி இருப்பது காய்ச்சல்தான். தமிழ்த் தேர்வில் அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி என ஒவ்வொன்றும் மதிப்பெண்ணுக்கு உரியது. ஆணையருக்கும் ஆசிரியருக்கும் மேலாளருக்கும் பள்ளிக் காலம் முழுவதும் இவர்கள் எழுதிய கடிதங்களில் ஒன்றுகூட எவர் கையிலும் சேர்ந்ததில்லை. ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததில்லை. பெறுநர் என்பது இடப்பக்கம் நிரப்ப வேண்டிய ஒரு வரி, அவ்வளவே. இலக்கணப் பிழையைவிட இதுவே பெரிய தடை என்பது எனக்குப் புரியச் சில ஆண்டுகள் பிடித்தன. அதுவரை சிவப்பு மையால் ஒவ்வொரு வினைச்சொல்லையும் திருத்திக்கொண்டிருந்தேன். திருத்தத் திருத்த அவர்கள் எழுதுவதுதான் குறைந்தது.

புரிய வைத்தவர் ஓர் இயந்திரவியல் மாணவர். கல்விக்கடனுக்கு போனஃபைடு சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிப் பத்து நாள் ஆகியும் பதில் இல்லை என்று முகம் வாடி வந்தார். செல்பேசியை வாங்கிப் பார்த்தேன். சப்ஜெக்ட் காலியாக இருந்தது. உள்ளே, ஐயா எனக்கு போனஃபைடு வேண்டும் என்ற பொருளில் ஒரே வரி. பெயர் இல்லை. அனுப்புபவர் பெயராகத் தெரிந்ததோ ஒரு நடிகரின் பட்டப்பெயர். நான் அங்கேயே திருத்திக் கொடுத்திருக்கலாம். என்னவோ தோன்றி, "வாங்க தம்பி, அலுவலகம் வரை போய் வருவோம்" என்று அழைத்துச் சென்றேன். அங்கிருந்த எழுத்தர் அம்மா தம் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அன்று காலையில் மட்டும் வந்திருந்த மெயில்கள் திரையைத் தாண்டி நீண்டன. பதிவெண் இல்லாமல் மாணவரின் விவரத்தைத் திறக்கவே முடியாது, எந்தக் காரியத்துக்கு என்று தெரியாமல் சான்றிதழின் வாசகத்தை அமைக்க முடியாது, வங்கி என்றால் நான்கு ஆண்டுக் கட்டண விவரமும் சேர்த்துத் தர வேண்டும் என்று அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, மாணவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நான்கு வரி எழுதினார். பெயர், பதிவெண், துறை, வங்கி, எந்தத் தேதிக்குள் தேவை என எல்லாம் அதில் இருந்தன. நான் ஒரு சொல்லும் சொல்லித் தரவில்லை. மறுநாள் மாலை சான்றிதழ் கைக்கு வந்தது.

அதற்குப் பிறகு மின்னஞ்சல் பாடத்தை ஃபார்மட்டிலிருந்து தொடங்குவதை விட்டுவிட்டேன். இதைப் படிக்கப் போகிறவர் யார், அவர் மேசையில் வேறு என்ன கிடக்கும், நம் கடிதத்தைப் படித்தபின் அவர் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் பேசுகிறோம். பெறுநர் முகவரியைக் கடைசியாகத்தான் நிரப்ப வேண்டும் என்பது வகுப்பின் விதி. பாதியில் கை தவறி அனுப்பிவிடும் விபத்து அதனால் நின்றது. அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதியை ஜிமெயிலில் 30 நொடிக்கு வைக்கச் சொல்லி, அந்த நேரத்தில் இணைப்பு உண்மையில் இணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

நன்றிக் கடிதம் வேறு வகையான சிக்கல். நம் வீடுகளில் சோறு போட்ட அம்மாவிடம் நன்றி என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாகப் படும். அந்தக் கூச்சத்தோடு வளர்ந்தவர்களை எழுதச் சொன்னால், தங்கள் மேலான உதவிக்கும் ஆதரவுக்கும் நன்றி என்று எவருக்கும் பொருந்தும் ஒரு வாக்கியத்தில் ஒதுங்கிக்கொள்கிறார்கள். இங்கே எனக்குக் கைகொடுத்தது குறள்தான். செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தில் நன்றி என்பது நாம் வாயால் சொல்வதைக் குறிக்கவில்லை, பிறர் நமக்குச் செய்த நன்மையையே குறிக்கிறது. ஆகவே கடிதத்தில் முதலில் அந்த நன்மையை எழுதுங்கள், என்று, எங்கே, என்ன செய்தார் என்று எழுதுங்கள் என்பேன்.

லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பயிற்சிக்குப் போய்வந்த ஒரு மாணவர், தமக்கு வெல்டிங் கற்றுத்தந்த மேஸ்திரிக்கு எழுத விரும்பினார். மேஸ்திரிக்கு ஆங்கிலம் தெரியாது, அதனால் தமிழில் எழுதச் சொன்னேன். தமிழில் மாணவருக்கு இன்னும் கடினமாக இருந்தது. மூன்று முறை கிழித்துப் போட்டபின் வந்த கடிதத்தில் இப்படி இரண்டு வாக்கியங்கள் இருந்தன: "முதல் நாள் என் கை நடுங்கியபோது நீங்கள் திட்டவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்து ராடின் சாய்வைக் காட்டினீர்கள். இப்போது கல்லூரிப் பட்டறையில் மற்றவர்களுக்கு நான் அப்படித்தான் காட்டுகிறேன்." ஆங்கிலத்தில் நான் திருத்திய எத்தனையோ கடிதங்களில் இப்படி ஒரு வரியைக் கண்டதில்லை. அதன்பின் எல்லோரும் முதல் படியைத் தமிழில் எழுதலாம் என்று வைத்துவிட்டேன். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே ஒலிக்க வேண்டும் என்று கருதும் சக ஆசிரியர்களுக்கு இதில் உடன்பாடில்லை. நான் மாற்றிக்கொள்வதாக இல்லை.

பத்தி விடைக்கு ஒரே ஒரு பயிற்சிதான். வினாவை மறைத்துவிட்டு விடையை மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம் தர வேண்டும். அவர் வினா என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். பக்கத்தை நிரப்பினால் மதிப்பெண் என்று பழகியவர்கள் தலைப்பைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்டியிருப்பார்கள். தோழி தவறான வினாவைச் சொல்லும்போது, முதல் வாக்கியத்திலேயே பதில் இருந்திருக்க வேண்டும் என்பது எழுதியவருக்குத் தாமாகவே தெரிந்துவிடுகிறது.

எனக்கு வரும் ஒவ்வொரு மெயிலுக்கும் இரண்டு வரியாவது பதில் எழுதுகிறேன். ஞாயிறு காலைகள் அதற்கே போய்விடுகின்றன. எழுதினால் பதில் வரும் என்பதை இவர்கள் ஒரு முறையாவது அனுபவிக்க வேண்டும் என்பதால் அதைக் கைவிட மனம் வரவில்லை.

சென்ற பருவத்தில் ஒரு மாணவி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றார். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு அவருடைய அம்மா பட்டா மாறுதலுக்காகப் போகிறார். வழக்கமாக வாசலில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுபவரிடம் காசு கொடுத்து எழுதுவார்கள். இந்த முறை மாணவி தாமே எழுதிக்கொண்டு வந்திருந்தார். "மேம், பொருள்ல சர்வே நம்பரையும் ஊர்ப் பேரையும் முதல்ல போட்டிருக்கேன். படிக்கிறவங்க உடனே ஃபைலை எடுக்கணும்ல, அதான். சரியா இருக்கா பாருங்க" என்றார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசி வரி வரை படித்துவிட்டு, மூடிக் கொடுத்தேன்.