ஆட்டோவை இப்போது விற்காதீர்கள்

சென்னையில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருந்து எழுதுவது டாக்டர், ஊசி போடுவது சிஸ்டர். சிகிச்சை முடியும்வரை குடும்பம் தாக்குப்பிடிக்க வழி பார்ப்பது என் வேலை. புதிதாக வரும் பெற்றோரிடம் ஆரம்பத்திலேயே நான் கேட்கும் ஒரு கேள்வி பலருக்கு எரிச்சலைத்தான் தரும்: "இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு உங்க கையில என்ன இருக்கும்?"

பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று முந்தின நாள்தான் சொல்லியிருப்பார்கள். நாளைய பொழுதே தெரியாதவர்களிடம் ரெண்டு வருஷக் கணக்கு கேட்டால் கோபம் வராதா? ஆனாலும் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய்க்கு மொத்தச் சிகிச்சை ஏறக்குறைய இரண்டரை வருடம். முதல் சில மாதங்கள் ஊசியும் முதுகுத் தண்டுவடத் திரவத்தில் மருந்தும் ரத்தம் ஏற்றுவதுமாகப் போகும். மீதியெல்லாம் பெரும்பாலும் வீட்டில் இருந்தபடி மாத்திரை, இடையிடையே பரிசோதனை. வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் அந்த அளவு இல்லாததற்கு ஒரு காரணம், பாதியில் சிகிச்சையை விட்டுவிடுவது.

விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நாலு வயதுப் பெண் குழந்தை. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறவர். எங்களிடம் வந்து சேர்வதற்குள் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போயிருந்தது. ஆட்டோவை வாங்கவும் ஆள் பார்த்துவிட்டார்கள். சித்தப்பா வியாசர்பாடியில் இருந்ததால், ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் அங்கே தங்கி, பகல் முழுக்க வார்டு வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆட்டோவை விக்காதீங்க" என்றேன்.

"பொண்ணை விட ஆட்டோ பெருசா மேடம்?" என்று அப்பா சட்டென்று எழுந்துவிட்டார்.

சரி, உட்காருங்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்தோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டையும் ஆதாரையும் கொண்டுபோனால் அட்டை வாங்கிவிடலாம். எங்கே மாட்டும் தெரியுமா? பிள்ளை பிறந்து நாலு வருடம் ஆகியும் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்திருக்க மாட்டார்கள்! இந்த ஒரு விஷயத்துக்காக ஊருக்கு ஓடிய அப்பாக்கள் நிறையப் பேர். இவரும் ஓடினார். பணத்துக்கு ஒரு வழி தெரிந்ததும் ஆட்டோவை விற்கும் பேச்சு நின்றது. கூட வந்தவர்களில் அம்மாவும் பாட்டியும் மட்டும் இங்கே இருப்பது, மற்றவர்கள் ஊருக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று. அப்பா சம்பாதித்தால்தான் இங்கே சாப்பாடு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அண்ணனைப் பள்ளிக்கு அனுப்பவும் ஒருவர் வேண்டுமே.

அந்த அண்ணனை யாரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. போகும் முன் என்னிடம் வந்து, தங்கச்சி தட்டில் சாப்பிட்டதால் தனக்கும் வருமா என்று கேட்டான். வராது, இது ஒட்டுகிற நோய் இல்லை என்றேன். ஆனால் உன் வகுப்பில் யாருக்காவது அம்மை போட்டால் உடனே அப்பாவிடம் சொல்ல வேண்டும், தங்கச்சிக்கு அது ஆபத்து என்றும் சொன்னேன். தனக்கும் ஒரு வேலை கிடைத்ததில் அவனுக்குச் சந்தோஷம்.

குழந்தையிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பதில் பாட்டி உறுதியாக இருந்தார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நாலு வயதுக் குழந்தைக்கு நோயின் பெயர் வேண்டாம், ஊசி வலிக்கும் என்ற உண்மை வேண்டும். வலிக்காது என்று ஒரு தடவை ஏமாற்றினால் அடுத்த ஊசிக்கு நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கும். 'உன் ரத்தத்துல கெட்டது கொஞ்சம் இருக்கு, அதைத் துரத்த மருந்து, அந்த மருந்துக்கு முடி கொட்டும், அப்புறம் முளைக்கும்' என்று அம்மாவே சொன்னார். முடிப் பிரச்சினையைத் தீர்த்ததும் பாட்டிதான். "எப்படியும் கொட்டப்போவுது, பழனி முருகன் முன்னாடியே வாங்கிக்கிட்டான்னு இருக்கட்டும்" என்று மொட்டையடிக்கச் சொல்லிவிட்டார். கோயிலுக்கு நேரில் போவதைச் சிகிச்சை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் பிள்ளை ராத்திரி மூன்று மணிக்கு இட்லி கேட்டு அழும், முகம் உப்பும், தொட்டதற்கெல்லாம் கத்தும். சிவப்பு மருந்து ஏறிய பின் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. முன்கூட்டியே தெரிந்தால் அம்மா பிள்ளையை அடிக்காமல் இருப்பார், சிறுநீரைப் பார்த்து அலறவும் மாட்டார்.

நான் பயப்படும் கட்டம் இதெல்லாம் முடிந்த பிறகு வருவது. முடி முளைத்துவிடும். பிள்ளை பள்ளிக்குப் போகும், தெருவில் ஓடும். 'நல்லாத்தானே இருக்கா, எதுக்கு இந்த விஷ மாத்திரை?' என்று ஊரில் யாராவது கேட்பார்கள். அந்த ராத்திரி மாத்திரை, மெர்காப்டோப்யூரின், 1953 முதல் புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து. மொத்தச் சிகிச்சையிலேயே மலிவான மருந்துகளில் ஒன்று. அடிக்கடி விட்டுப்போனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. மாத்திரை வாங்கக் காசில்லாமல் நின்றவர்கள் குறைவு. பரிசோதனைக்குச் சென்னை வரக் காசில்லாமல், அன்றைய கூலியை விட முடியாமல் நின்றவர்கள்தான் அதிகம். அதனால் ரயில் சலுகைப் படிவத்தை முதல் வாரமே டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுவேன். சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆட்டோவை விற்காதீர்கள் என்றதும் இந்த நாட்களை நினைத்துத்தான்.

ஊருக்கு அனுப்பும்போது தெர்மாமீட்டர் வாங்கச் சொல்வேன். 100.4 டிகிரி காட்டினால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்த பிள்ளைக்கு ஆன்டிபயாடிக் உடனே ஏற வேண்டும். சென்னைக்கு வர நாலைந்து மணி நேரம் ஆகும் என்பதால், பக்கத்துப் பெரிய மருத்துவமனையில் காட்ட டாக்டரின் கடிதம் ஒன்று எப்போதும் பையில் இருக்கும்.

"ராத்திரி ரெண்டு மணின்னாலுமா?" என்று அப்பா கேட்டார்.

"ரெண்டு மணின்னாலும்தான். வண்டிக்கு என்ன செய்வீங்க?"

"அதான் ஆட்டோ இருக்கே மேடம்."